நூல் அறவில்லை, கணினிதான் ‘அறுந்தது’ என்றது: ஒரு டெஸ்க்டாப்புக்குள் நடந்த இடத்தகராறு

2001இல் நடந்தது. கோயம்புத்தூருக்குக் கிழக்கே அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு நூற்பாலையின் லேப். அங்கே ஒற்றை இழை நூலை இரண்டு கவ்விகளுக்கு நடுவே மாட்டி, அறும் வரை இழுத்து, எத்தனை கிராமில் அறுந்தது என்று பதிவு செய்யும் ஓர் இயந்திரம் இருந்தது. அதை நடத்தியது ஒரு பழைய பென்டியம் கணினி. விண்டோஸ் 98, அதற்குள் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் ஒரு ஜன்னலில் ஓடும் சோதனை நிரல். இயந்திரத்தையும் கணினியையும் இணைப்பது கேபினெட்டுக்குள் ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் நிற்கும் ஒரு நீளமான கார்டு. இந்தக் கட்டுரை முழுவதும் அதை ‘அளவுக் கார்டு’ என்றே சொல்கிறேன்.

கணினி பழுது பார்க்கும் எனக்குப் புகார் எளிமையாகத்தான் வந்தது. “தம்பி, மெஷின் பொய் சொல்லுதுங்க” என்றார் லேபில் இருந்த அக்கா. 40ஆம் நம்பர் நூல். ஒற்றை இழை 260 கிராம் அளவில் அறுவது அந்த ஆலையில் வழக்கம். நூலின் பருமனுக்கு ஏற்ப வலிமையைச் சொல்லும் ஆர்கேஎம் கணக்கில் 17.6 வரும். இரண்டு வாரமாகப் பத்து இழையில் இரண்டு மூன்று 90, 140 என்று விழுகின்றன. ஒரு லாட்டையே ‘வலுக் குறைவு’ என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். நூற்புப் பிரிவில் இருந்தவர்கள் பஞ்சைக் குறை சொல்ல, பஞ்சு வாங்கியவர்கள் நூற்புப் பிரிவைக் குறை சொல்ல, மேலாளர் நடுவில் நின்றார். அக்கா கோனிலிருந்து ஒரு முழம் நூலை உருவி இரண்டு கையிலும் சுற்றி இழுத்துக் காட்டினார். விரலில் கோடு விழுந்த பிறகுதான் அறுந்தது. “இதையா தொண்ணூறு கிராம்னு சொல்றது?”

நான் முதலில் தவறான இடத்தில் தேடினேன். அரை நாள் போனது. இழுவிசையை உணரும் லோடு செல் ஈரம் குடித்திருக்குமோ என்று பார்த்தேன். லேபில் 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் சரியாகவே இருந்தது. கேபிளை மாற்றினேன், எர்த் பார்த்தேன், பவர் சப்ளையின் 5 வோல்ட், 12 வோல்ட் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. “புதுசா ஏதாவது மாட்டினீங்களா அக்கா?” என்று கேட்டதற்கு, “நாங்க ஒண்ணும் தொடலைங்க” என்றார். அது உண்மைதான். அவர்கள் தொடவில்லை.

பிறகு மீட்டரை எடுத்து வைத்துவிட்டு, இயந்திரத்தின் முன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வெறுமனே பார்த்தேன். ஆறாவது இழை. கீழ்க் கவ்வி மெல்ல இறங்குகிறது, நூல் விறைக்கிறது, திரையில் எண் ஏறுகிறது: 110, 125, 138. சட்டென்று கவ்வி நின்று மேலே திரும்பியது. திரையில் ‘அறுந்தது: 140’. ஆனால் நூல் அறுந்திருக்கவில்லை. இரண்டு கவ்விகளுக்கும் நடுவே முழுசாக, சற்றுத் தொய்ந்து நின்றது. அக்காவின் வேலை அடுத்த இழையைச் சட்டென்று மாற்றுவது. அந்த ஒரு நொடியில் பழைய இழையை அறுத்தெறிந்துவிட்டுத்தான் மாட்டுவார், எனவே யார் கண்ணிலும் இது பட்டதில்லை.

அந்த நிரல் எப்படி முடிவெடுக்கிறது என்று யோசித்தேன். விசை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று பாதிக்கும் கீழே விழுந்தால் ‘நூல் அறுந்தது’ என்று கொள்கிறது. அதுவரை கண்ட உச்ச எண்ணை வலிமை என்று எழுதுகிறது. அப்படியானால் நடுவில் ஒரே ஒரு தப்பான சிறிய எண் வந்தால் போதும். கணினி நூலை அறுத்துவிடும்.

அதே நேரம் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “சார், நீங்க லேப் மெஷினை ஓட்டுனா எங்களுக்கு நெட்வொர்க் போயிடுது” என்றார். லேபில் நெட்வொர்க் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கேபினெட்டைத் திறந்தேன். நான்கு ஐஎஸ்ஏ ஸ்லாட், அதற்குப் பின் வந்த பிசிஐ வகையில் மூன்று ஸ்லாட். எல்லா ஸ்க்ரூவும் தூசி படிந்து மங்கியிருக்க, ஒன்று மட்டும் பளிச்சென்றிருந்தது. அந்த ஸ்லாட்டில் ஒரு நெட்வொர்க் கார்டு: என்இ2000 வகை, ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டை வைத்து அமைக்கும் பழைய ஐஎஸ்ஏ கார்டு. சோதனை அறிக்கைகள் நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போகட்டும் என்று இரண்டு வாரத்துக்கு முன் வேறொருவர் வந்து கையில் இருந்த கார்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கார்டை உருவிவிட்டு ஐம்பது இழை ஓட்டினோம், ஒன்றும் பிசகவில்லை. திரும்பச் செருகியதும் மூன்றாவது இழையிலேயே கவ்வி பாதியில் திரும்பியது.

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. ஏன் என்பதுதான் மிச்சம்.

300க்கும் 310க்கும் இடையில்

ஐஎஸ்ஏ கார்டு ஒவ்வொன்றும் செயலியோடு பேச ஒரு முகவரி வைத்திருக்கும். எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவான கம்பித் தடத்தில் கணினி அந்த எண்ணைக் கூவும். யாருடைய எண்ணோ அந்தக் கார்டு பதில் சொல்லும். நெட்வொர்க் கார்டின் ஜம்பர் 300 ஹெக்ஸில் இருந்தது (ஹெக்ஸ் என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை, 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை வரும்). அளவுக் கார்டில் முகவரியை அமைக்கும் சிவப்புக் குட்டி சுவிட்ச் 310 ஹெக்ஸில். 300 வேறு, 310 வேறு என்று பார்த்தால் தகராறே இல்லை. கார்டைப் போட்டுவிட்டுப் போன அந்த மனிதரும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

ஆனால் அந்த எண் வீட்டுக் கதவு எண் போன்றதல்ல, மனையின் தொடக்க எல்லைக்கல். என்இ2000 வகைக் கார்டு 32 முகவரிகளை எடுத்துக்கொள்ளும். ஹெக்ஸ் கணக்கில் 32 என்பது 20. ஆக அதன் மனை 300 முதல் 31எஃப் வரை. அளவுக் கார்டுக்கு 16 முகவரி: 310 முதல் 31எஃப் வரை. அளவுக் கார்டு முழுவதுமாக நெட்வொர்க் கார்டின் மனைக்குள் குடியிருந்தது. இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் முகவரி வரைபடத்தில் 300 முதல் 31எஃப் வரையுள்ள பகுதி, சோதனைக்காகச் செய்யப்படும் கார்டுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. புறம்போக்கு நிலம் மாதிரி. அளவீட்டுக் கார்டு, ரிலே கார்டு என்று கார்டு செய்த பலரும் அங்கேயே வந்து இறங்கினார்கள். நெட்வொர்க் கார்டுகளின் வழக்கமான தொடக்கமும் அதுவே ஆனது.

நெட்வொர்க் அறுந்ததற்குக் காரணம் உடனே புரிந்தது. என்இ2000 கார்டில் தொடக்கத்திலிருந்து 18 ஹெக்ஸ் தள்ளி இருப்பது ரீசெட் வாசல். அதைப் படித்தாலே போதும், கார்டு தன்னை ரீசெட் செய்துகொள்ளும். 300உடன் 18 கூட்டினால் 318. அளவுக் கார்டில் ‘கவ்வி எங்கே இருக்கிறது’ என்று நிரல் ஓயாமல் கேட்கும் முகவரியும் 318. லேபில் ஒரு நூலை இழுக்கும்போதெல்லாம் கணக்குப் பிரிவின் நெட்வொர்க் தலையில் குட்டு விழுந்துகொண்டிருந்தது.

எண் தப்பாக வந்ததை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். கணினியை டாஸுக்குக் கொண்டுபோய், கவ்வியில் 200 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். டாஸோடு வரும் டிபக் நிரலில் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை, கொடுத்த முகவரியில் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டும். அளவெடுக்கச் சொல்லிவிட்டு 314இல் கீழ்ப் பகுதியையும் 315இல் மேல் பகுதியையும் படிக்க வேண்டும். இந்தக் கார்டு 12 பிட், அதாவது அளவைப் பன்னிரண்டு 0, 1 இலக்கங்களில் சொல்லும். 500 கிராம் என்றால் 4095. 200 கிராமுக்கு 1638 வர வேண்டும். அதை ஹெக்ஸில் எழுதினால் 666.

நெட்வொர்க் கார்டு இல்லாமல்: 666, 666, 665, 667, 666. கடைசி இலக்கம் ஒன்று கூடவோ குறையவோ ஆடுவது இயல்பு. நெட்வொர்க் கார்டோடு: 666, 646, 666, 622, 266, 666.

இந்த எண்களைத் தாளில் இருமத்தில், 0, 1 மட்டும் கொண்டு, எழுதிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 6 என்பது 0110. 4 என்பது 0100. 2 என்பது 0010. தப்பான எண் ஒவ்வொன்றிலும் இருந்த 1 காணாமல் போய் 0 ஆகியிருக்கிறது. 0 இருந்த இடத்தில் 1 முளைத்தது ஒன்றுகூட இல்லை. அந்தக் காலச் சில்லுகளில் இரண்டு கார்டு ஒரே கம்பியைப் பிடித்து ஒன்று மேலே தூக்க, இன்னொன்று கீழே இழுத்தால், பெரும்பாலும் கீழே இழுப்பதுதான் ஜெயிக்கும். அவற்றின் வெளியீட்டில் கீழிழுக்கும் பலம் அதிகம். அளவுக் கார்டு 1 என்று சொல்லும் அதே கணத்தில் நெட்வொர்க் கார்டு தன்னிடம் அப்போது இருந்த 0ஐச் சொல்கிறது. 1 செத்துப்போகிறது. 666 என்பது 266 ஆனால் 200 கிராம் 75 கிராமாகிறது, பாதிக்கும் கீழே. நூல் அறுந்துவிட்டது! லோடு செல்லோ கேபிளோ பழுதானால் எண் இரண்டு பக்கமும் ஆடும். கீழ்ப்பக்கம் மட்டும், அதுவும் பிட் பிட்டாக உதிர்ந்தால், அது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது. இன்றும் இந்த அடையாளத்தை நான் மறக்கவில்லை.

சரி, இரண்டு கார்டு மோதினால் போடும் மஞ்சள் ஆச்சரியக்குறியை விண்டோஸ் ஏன் போடவில்லை? கார்டுகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் எல்லாம் சுத்தமாக இருந்தது. இதுதான் இந்த வழக்கின் மூல முடிச்சு. அளவுக் கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் நிரலான டிரைவரே கிடையாது. டாஸ் நிரல் நேராக வன்பொருளைத் தொட்டு வேலை வாங்குகிறது. செருகினதும் கார்டு தன்னைத் தானே அறிவிக்கும் பிளக் அண்ட் பிளே முறை வருவதற்கு முன் செய்யப்பட்ட கார்டு என்பதால், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று, கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் நிரலான பயோஸிடமும் அது சொல்லாது. யாரிடமும் பெயர் கொடுக்காமல் குடியிருக்கிறது. பெயர் கொடுத்தவர்களுக்குள் மோதல் வந்தால்தான் விண்டோஸுக்குத் தெரியும்.

நகர்த்திய இடத்திலும் ஆள்

இங்கே நான் அவசரப்பட்டேன். நெட்வொர்க் கார்டைத் தூரமாகத் தள்ளிவிடலாம் என்று ஜம்பரை 360இல் வைத்தேன். அளவு சரியாக வந்தது, நெட்வொர்க்கும் அறாமல் இருந்தது. அறிக்கையை அச்சடிக்கலாம் என்றால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இரண்டு வரி அடித்து நின்றது. மனைக் கணக்கை நானே மறந்துவிட்டேன். 360இல் தொடங்கும் 32 முகவரி 37எஃப் வரை போகும். பிரிண்டர் போர்ட் குடியிருப்பது 378இல். ஐந்து நிமிடத்துக்கு முன் தாளில் எழுதி மெச்சிக்கொண்ட பாடத்தை ஜம்பரைக் கையில் எடுத்ததும் விட்டுவிட்டேன்.

340க்கு மாற்றினால் முகவரிச் சிக்கல் தீரும், 35எஃப் வரை காலி. ஆனால் அப்போதுதான் ஐஆர்க்யூவைக் கவனித்தேன். ‘என்னைக் கவனி’ என்று கார்டு செயலியைத் தட்டிக் கூப்பிடும் கம்பிதான் ஐஆர்க்யூ. இந்த வகைக் கணினியில் 0 முதல் 15 வரை பதினாறே கம்பிகள். அதிலும் 2ஆம் எண் இரண்டு கட்டுப்பாட்டுச் சில்லுகளை இணைப்பதிலேயே போய்விடும். 0 டைமர், 1 விசைப்பலகை, 6 ஃபிளாப்பி, 7 பிரிண்டர், 8 கடிகாரம், 13 கணிதச் செயலி, 14, 15 ஹார்ட் டிஸ்க் வகையறா. அந்த நெட்வொர்க் கார்டின் ஜம்பர் தந்தது நான்கே: 3, 4, 5, 9.

நான்கிலும் ஆள் இருந்தது. 4இல் சீரியல் மவுஸ். 5இல் அளவுக் கார்டு. 9ஐ டிஸ்ப்ளே கார்டுக்கு பயோஸ் கொடுத்திருந்தது. நெட்வொர்க் கார்டு இருந்தது 3இல், அது இரண்டாம் சீரியல் போர்ட்டின் இடம். மஞ்சள் குறி வந்திருக்கும். அதைப் போக்க அந்த மனிதர் டிவைஸ் மேனேஜரில் இரண்டாம் சீரியல் போர்ட்டையே முடக்கிவிட்டிருக்கிறார். அந்தப் போர்ட்டில்தான் எலக்ட்ரானிக் தராசு மாட்டியிருந்தது. லீ எனப்படும் 120 கஜ நூல் கண்டை எடை போட்டு நூலின் நம்பர் கண்டுபிடிக்கிற தராசு. அக்காவிடம் கேட்டேன். “ஆமாங்க தம்பி, அதுவும் ரெண்டு வாரமா கம்ப்யூட்டருக்கு எடை அனுப்பறதில்லை. நான் நோட்டுல எழுதிப் பின்னாடி அடிச்சுக்கறேன்.” ஒரு பள்ளிக்கூட நோட்டு, பக்கத்துக்கு முப்பது வரி, நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. இதை ஒரு புகாராகவே அவர் எண்ணவில்லை. கணினி பழுதை மனிதர்கள் இப்படித்தான் தங்கள் முதுகில் ஏற்றிக்கொள்கிறார்கள், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐஎஸ்ஏவில் ஒரு ஐஆர்க்யூவை இரண்டு கார்டு பகிர முடியாது. அங்கே கூப்பிடுவது என்பது கம்பியின் மட்டம் கீழிருந்து மேலே தாவும் அந்த ஒரு கணம். ஒரு கார்டு கம்பியைத் தன் பிடியில் வைத்திருந்தால் மற்றதன் தாவல் தெரியவே தெரியாது. பிசிஐயில் கதை வேறு: கம்பி தாழ்ந்தே இருக்கும்வரை கூப்பாடு நிற்காது, எனவே ஒவ்வொரு டிரைவரும் ‘நம்ம கார்டா?’ என்று பார்த்து, தன் வேலையை முடித்துவிட்டு அடுத்தவரிடம் விடலாம். பிசிஐ கார்டுகள் பகிர்வது குற்றமில்லை, அது அமைப்பிலேயே உள்ளது.

டிஸ்ப்ளே கார்டிடமிருந்து 9ஐப் பிடுங்கி நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்திருக்கலாம். அந்தச் சங்கிலியை இழுக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று பிசிஐ ஸ்லாட்டில் ஒன்று காலியாக இருந்தது. மறுநாள் சில நூறு ரூபாய்க்கு ஒரு பிசிஐ நெட்வொர்க் கார்டு வாங்கி வந்தேன். பழையதைக் கழற்றி, இரண்டாம் சீரியல் போர்ட்டை உயிர்ப்பித்து, புதியதைச் செருகினேன். முகவரியை அதுவே 6400 ஹெக்ஸில், யாரும் இல்லாத உயரத்தில் பெற்றுக்கொண்டது. பிரிண்டர் ஓடியது, தராசு பேசியது.

இழுவைச் சோதனையைத் தொடங்கினேன். கவ்வி இறங்கியது, முதல் எண்ணிலேயே திரை உறைந்தது.

பயோஸிடம் சொல்லிவைத்தது

இந்த முறை பதறவில்லை. கணினி கிளம்பும்போது, விண்டோஸ் வருவதற்குச் சற்று முன், பிசிஐ கார்டுகளின் பட்டியல் ஒரு நொடி திரையில் தெரியும். விசைப்பலகையின் பாஸ் (Pause) பொத்தானைச் சரியான நேரத்தில் அழுத்தினால் நிற்கும். மூன்றாம் முறைதான் பிடிக்க முடிந்தது. டிஸ்ப்ளே 9. மோடம் 11. யூஎஸ்பி 10. நெட்வொர்க் கன்ட்ரோலர்: 5.

பயோஸின் பார்வையில் 5 காலி. அளவுக் கார்டு அங்கே இருப்பதாக யார் சொன்னது? எனவே புதிதாக வந்தவருக்கு அதைக் கொடுத்துவிட்டது. பிசிஐக்கு என்று கொடுத்ததும் அந்தக் கம்பி தாவலைப் பார்க்கும் முறையிலிருந்து மட்டத்தைப் பார்க்கும் முறைக்கு மாறிவிடும். ஐஎஸ்ஏ கார்டின் கூப்பாடு அதில் பொருந்தாது. நிரல் முதல் அளவுக்காகக் காத்தபடியே நின்றுபோனது.

பயோஸ் அமைப்பில் பிளக் அண்ட் பிளே, பிசிஐ பக்கத்துக்குப் போனேன். வளங்களை யார் பங்கிடுவது என்ற வரியைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றினால் கீழே ஐஆர்க்யூ எண்கள் வரிசையாக விரியும். 5க்கு எதிரே ‘லெகசி ஐஎஸ்ஏ’ என்று வைத்தேன். அதாவது, இங்கே பெயர் சொல்லாத பழைய கார்டு ஒன்று இருக்கிறது, கொடுக்காதே. அதே பக்கத்தில் முந்தைய பங்கீட்டு நினைவை அழிக்கும் வரியையும் ஒருமுறை இயக்கினேன். இல்லாவிட்டால் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும் அபாயம் உண்டு. அடுத்து விண்டோஸிலும் சொல்ல வேண்டும். டிவைஸ் மேனேஜரில் உச்சியில் உள்ள ‘கம்ப்யூட்டர்’ என்பதன் பண்புகளைத் திறந்தால் வளங்களை ஒதுக்கிவைக்கும் பக்கம் ஒன்று உண்டு. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே ஐஆர்க்யூ 5ஐயும், 310 முதல் 31எஃப் வரையுள்ள முகவரியையும் பதிந்தேன்.

மறுபடி கிளப்பி, பாஸ் பொத்தானில் நிறுத்திப் பார்த்தேன். நெட்வொர்க் கார்டு 11க்குப் போயிருந்தது, மோடத்தோடு பகிர்ந்துகொண்டு. இரண்டும் பிசிஐ, பிரச்சினை இல்லை.

சோதிக்கும்போது ஒவ்வொன்றாகச் சோதிப்பதில் பயனில்லை. இந்த வகைப் பழுது எல்லாரும் சேர்ந்து பேசும்போதுதான் வெளிப்படும். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெரிய கோப்பை நெட்வொர்க்கில் நகலெடுக்க விட்டு, பிரிண்டரில் இருபது பக்கம் அனுப்பி, தராசில் லீயை வைத்து எடுத்து, கவ்வியில் 200 கிராம் எடைக்கல்லோடு ஐந்நூறு முறை படித்தேன். 665, 666, 667. வேறொன்றும் இல்லை. நிறுத்திவைத்திருந்த லாட்டிலிருந்து அக்கா நூறு இழை ஓட்டினார். சராசரி 258 கிராம். பஞ்சிலும் குறையில்லை, நூற்பிலும் குறையில்லை.

இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸில் ஐஆர்க்யூ கம்பியே இல்லை, கூப்பாடு ஒரு செய்தியாகப் போகிறது, ஜம்பரும் இல்லை. ஆனாலும் இதே சாயலில் புகார்கள் வருகின்றன. எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டதும் பழைய சாட்டா டிஸ்க் ஒன்று காணாமல் போகும்; இரண்டாம் நீள ஸ்லாட்டில் கேப்சர் கார்டு போட்டதும் கிராஃபிக்ஸ் கார்டின் பாதை 16இலிருந்து 8ஆகச் சுருங்கும். எது எதோடு பாதையைப் பகிர்கிறது என்று மதர்போர்டு கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கும். கார்டைச் செருகும் முன் அந்த ஒரு பக்கத்தைப் பாருங்கள் என்று வருபவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

அன்று கிளம்பும் முன் கேபினெட் மூடியின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினேன். ‘அளவுக் கார்டு: 310 முதல் 31எஃப் வரை, ஐஆர்க்யூ 5. விண்டோஸில் தெரியாது. வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.’ கீழே தேதி. மூடியைப் போட்டு ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா தராசில் அடுத்த லீயை வைத்தார். எடை தானாகத் திரையில் வந்து விழுந்தது. இன்னொன்றை வைத்தார், அதுவும் விழுந்தது. பக்கத்தில் திறந்தபடி இருந்த நோட்டை மூடி, பேனாவை அதற்குள் செருகி, அலமாரியில் வைத்துவிட்டு மூன்றாவது லீயை எடுத்தார்.